'வெப்ப நெரிப்பு'க்குப் பதில் 'வெப்ப மட்டுப்படல்' சரிவருமா?

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

மடிக்கணினியின் செயலி (processor) சூடேறியதும் வேகம் குறைவதை ஆங்கிலத்தில் thermal throttling என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வெப்ப நெரிப்பு' என்று அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். throttle என்ற அந்த ஆங்கிலச் சொல்லில் குரல்வளையை நெரிக்கும் பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் நெரிப்பு என்றால் நமக்கு வேறொருவன் வந்து கழுத்தைப் பிடிப்பதுதான் தோன்றும். இங்கே அப்படி யாரும் இல்லை. பல மடிக்கணினிச் செயலிகளுக்கு 100 பாகை செல்சியஸை ஒட்டி ஒரு வரம்பு உண்டு. அதை எட்டியதும் கருகிப் போகாமலிருக்கச் செயலியே தன் துடிப்பு வேகத்தையும் (clock speed) மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்கிறது.

வேறு சொற்களைப் பார்த்தால், 'முடக்கம்' என்றால் வேலையே நின்றுவிட்டதாக ஆகும். 'தணிப்பு' விசிறி செய்கிற வேலை.

சொல் சரியாக அமைய வேண்டும் என்று நான் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அக்கா, அக்னி நட்சத்திர வெயிலில், மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் கணக்கு எழுதுவாள். ஆமைவேகம். கடையில் வைரஸ் என்று சொல்லி விண்டோஸை மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறமும் அதே கதை. நான் பார்த்தபோது வெப்பம் 97 பாகை, வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்திருந்தது. அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் சீப்புப் பல் மாதிரி இருக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளியாகப் படிந்திருக்கிறது. சூட்டைக் கடத்துவதற்காகச் செயலிமேல் தடவிய வெப்பப் பசை காய்ந்து பொருக்காகிவிட்டது. தூசியை எடுத்து, புதுப் பசை வைத்து, மெத்தையை விட்டு மரப்பலகைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. செயலி என்ன செய்கிறது என்று திரையிலேயே தமிழில் ஒரு வரி வந்திருந்தால், அக்கா அந்தக் கடைக்குப் பணம் அழுதிருக்க மாட்டாள்.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும்போது பொங்கி வந்தால் அடுப்பை அணைப்பதில்லை. விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்து, தீயை மட்டாக எரிய விடுவார்கள். வேலை நிற்காது, வேகம் மட்டும் குறையும். எனக்கு அந்த 'மட்டு'தான் பிடித்திருக்கிறது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. சூட்டுக்காகச் செயலி தானே குறைத்துக்கொண்டால் 'மட்டுப்படல்'. இணைய நிறுவனம் நம் வேகத்தைக் குறைத்தால் 'மட்டுப்படுத்தல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்குத் தன்வினையும் பிறவினையும் இருக்கும்போது அந்த வேறுபாட்டை ஏன் விட வேண்டும்? சார்ஜர் போதிய மின்திறன் தராமல் வேகம் குறைவதைக்கூட 'மின்திறன் மட்டுப்படல்' என்று தனியே காட்டலாம்.

திரைச்செய்திக்கு என் வரைவு இது: "வெப்பம் மிகுந்ததால் செயலி மட்டுப்பட்டுள்ளது. காற்றுத்துளைகளைப் பாருங்கள்."

செயலி என்பதை இப்போது கைபேசி ஆப்புக்கும் சொல்கிறோம், அந்த இடத்தில் எனக்கே தயக்கம்தான். 'மையச்செயலி' என்று போட்டுவிடலாமா? அண்ணாச்சி சொல்லுங்கள்.