மோட்டாரையும் பிரித்ததால் வந்த வினை

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் நான் சேர்ந்த புதுசு. 500 டேபிள் டாப் மெஷினுக்கு ஆர்டர். "தம்பி, ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு என்னென்ன சாமான்னு எழுதிடு, 500-ஆல பெருக்கிக்கலாம்" என்றார் முதலாளி. நானும் தரையில் சாக்கை விரித்து ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து டிரம், அடிக்கல், குழவி, புல்லி, பெல்ட், மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எக்செல்லில் ஏற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில் மோட்டாரையும் திறந்து, உள்ளே இருந்த 2 பேரிங்கை வெர்னியரில் அளந்து (உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அதாவது 6202 நம்பர் பேரிங்) அதையும் எழுதிவிட்டேன். நாங்கள் மோட்டார் செய்வதே இல்லை, முழுசாக வெளியில் வாங்குகிறோம்! பர்ச்சேஸ்காரர் 500 மோட்டாரும் வாங்கினார், கூடவே 1,000 பேரிங்கும்.

குழவியில் அடுத்த அடி. மெஷினுக்கு 2 குழவி. நான் "1 செட்" என்று எழுதினேன், ஸ்டோரில் கணக்கு எண்ணிக்கையில். வந்து இறங்கியது 500 கல். 250 மெஷினோடு லைன் நின்றது.

போல்ட்டில் மட்டும் தப்பித்தேன். ஒரே எம்6 போல்ட் மோட்டார் பிடிக்க 4, அடித்தட்டுக்கு 4. ஸ்டோரில் இருப்பு 2,000. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக இருப்பைக் கழித்தால் இரண்டிலுமே வாங்க வேண்டியது பூஜ்யம் என்று வரும், ஆனால் உண்மையில் மொத்தத் தேவை 4,000, வாங்க வேண்டியது 2,000. எல்லா இடத்தையும் கூட்டிவிட்டு ஒரே ஒரு தடவைதான் இருப்பைக் கழிக்க வேண்டும் என்று ஸ்டோர் அண்ணன் பிடித்துக் கொடுத்தார்.

பதில் 1

நான் திருப்பூர். எங்களுக்குக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம், பனியனைத் துணி, ரிப், லேபிள், நூல், பாலி பேக், அட்டைப்பெட்டி என்று காகிதத்திலேயே பிரிப்போம். 10,000 பீஸ், பீஸுக்கு 160 கிராம், ஆக 1,600 கிலோ துணி. சாயப்பட்டறையில் 8 சதவீதம் கழிவு போகும் என்று 1.08-ஆல் பெருக்கி 1,728 கிலோ காடா துணி (சாயம் போடாத துணி) அனுப்பினேன். அதில் 8 சதவீதம் போனால் திரும்பி வருவது 1,590 கிலோ கூட இல்லை. 0.92-ஆல் வகுத்து 1,740 அனுப்பியிருக்க வேண்டும். 64 பீஸுக்குத் துணி பத்தவில்லை, அதுக்காக மறுபடி சாயம் போட்டால் முதல் துணியோடு ஷேடு ஒத்துப்போகுமா சொல்லுங்க.

பதில் 2

அதெல்லாம் சரி, அந்த 1,000 பேரிங் என்ன ஆச்சு அண்ணா?

பதில் 3 (பதிவு எழுதியவர்)

ரீவைண்டிங் கடைக்காரர் ஒருத்தர் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். மிச்சம் ஸ்டோரில் மேல் தட்டில் இன்னும் எண்ணெய்த் தாளோடு இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஸ்டோரைத் துடைக்கும்போதெல்லாம் ஸ்டோர் அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார்.