ஸ்பீட் டெஸ்ட்டில் 190, டோரண்ட்டில் மட்டும் 900 கேபி: எங்கே அடைப்பு?

கேள்வி:
ஃபைபர் பிளான் டவுன்லோட் 200, அப்லோட் 20 எம்பிபிஎஸ். போனில் ஸ்பீட் டெஸ்ட் 190 காட்டுகிறது. லேப்டாப்பில் கியூபிட்டோரண்ட் (டோரண்ட் செயலி) வழியாக உபுண்டு ஐஎஸ்ஓ (இயங்குதளக் கோப்பு) இறக்கினால் நொடிக்கு 900 கேபி தாண்டவில்லை, சீடர்களுக்கும் (முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்கள்) குறைவில்லை. பழைய டெபியன் ஐஎஸ்ஓக்கள் சில சீடிங்கில் (பிறருக்கு அனுப்புவதில்) ஓடுகின்றன. அந்த நேரத்தில் வீட்டில் யூடியூபும் திணறுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் லேப்டாப்புக்கு அனுப்பும் அமைப்பு) செய்தும் செயலியின் கீழே மஞ்சள் சின்னம்தான், அதாவது வெளி இணைப்பு உள்ளே வரவில்லை.

பதில் 1:
யூடியூபும் திணறுகிறதே, துப்பு அதில்தான் இருக்கிறது. அப்லோட் நிரம்பி வழிகிறது. வரும் தரவுக்கெல்லாம் "கிடைத்தது" என்று பதில் போயாக வேண்டும். சீடிங் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டால் பதில்கள் வரிசையில் நிற்கும், டவுன்லோடும் படுத்துவிடும்.

20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. அதில் முக்கால் பங்கு போதும். ஆப்ஷன்ஸில் ஸ்பீட் பக்கம் போய் அப்லோடுக்கு 1900 (கேபி) கொடுங்கள். 0 போட்டுவிடாதீர்கள், வரம்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். 50, 100 என்று ஒரேயடியாக நெரித்தாலும் வம்பு: நீங்கள் கொடுத்தால்தான் மற்ற பியர்களும் (அதே கோப்பை இறக்குபவர்கள்) உங்களுக்குக் கொடுப்பார்கள்.

பதில் 2:
மஞ்சள் சின்னத்துக்கு: ரூட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரி) பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன, அதனால் உங்கள் ரூட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. ஐபிவி6 (புதிய முகவரி முறை) இருந்தால் ரூட்டர் ஃபயர்வாலில் அந்த போர்ட்டை அனுமதியுங்கள். இல்லையென்றால் காசு கட்டி உங்களுக்கே தனியான ஸ்டேட்டிக் ஐபிதான். சீடர்கள் ஏராளமாக இருக்கும் உபுண்டுவுக்கு இது அவசியமே இல்லை.

கேட்டவர்:
வான் ஐபி 100.72-ல் தொடங்குகிறது. அப்லோட் 1900 வைத்ததும் யூடியூப் சரியானது, டோரண்ட் 9 எம்பி வருகிறது. அதற்கு மேல் ஏறவில்லை.

பதில் 3:
9 எம்பி என்றால் 72 எம்பிபிஎஸ். போன் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸிலும் லேப்டாப் 2.4-லும் இருக்கும் போல. 2.4-ல் லிங்க் வேகம் 144 எம்பிபிஎஸ் என்று காட்டினாலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். லேப்டாப்பை 5-க்கு மாற்றுங்கள், அல்லது கேபிள் போடுங்கள். கேபிளில் லிங்க் 1000 வர 8 கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் 100-க்கு இறங்கிவிடலாம், பிறகு 11, 12 எம்பியோடு நின்றுவிடும்.

அப்போதும் ரூட்டர் திணறினால் கனெக்‌ஷன் பக்கத்தில் மொத்த இணைப்புகளை 500-லிருந்து 200 ஆக்குங்கள். மலிவு ரூட்டர்களின் நாட் அட்டவணை (இணைப்புகளைக் குறித்துவைக்கும் பட்டியல்) சீக்கிரம் நிரம்பிவிடும்.