கீமோ முடிந்தும் பாதம் மரத்தே இருக்கிறது

கேள்வி:
மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றி முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல் நுனியும் உள்ளங்காலும் இன்னும் மரத்துப்போய் இருக்கின்றன. பொத்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. "உயிர் பிழைத்தாயே, அது போதாதா" என்கிறார்கள் வீட்டில். பிழைத்தவள் நடக்கவும் வேண்டுமே! இது சரியாகுமா?

பதில்:
அக்கா, எனக்குக் குடல் புற்றுநோய், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம், அப்புறம்தான் மெல்ல இறங்கும். எனக்குக் கை பெரும்பாலும் தேறிவிட்டது, கால் தேறவில்லை. பாதத்துக்குப் போகும் நரம்புகள்தான் மிக நீளமானவை, அதனால் மருந்தால் வரும் பாதிப்பும் அங்கேதான் அதிகம். குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், காயம் பட்டாலும் வலிக்காது. எனக்கு இருட்டுதான் பெரிய பயம்: பாதம் தரையை உணராதபோது கண்ணை நம்பித்தான் நிற்கிறோம். இரவில் ஒரு விளக்கு எரியட்டும்.

இன்னொரு பதில்:
எரிச்சல், வலி இருந்தால் டுலோக்செட்டின் என்ற மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது வலிக்குத்தான், வெறும் மரப்புக்கு அல்ல. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள், அதன் பலனை டுலோக்செட்டின் குறைக்கக்கூடும். ரத்தத்தில் சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பார்த்தாயிற்றா? சர்க்கரை கூடினாலும் பி12 குறைந்தாலும் நரம்பு கெடும்.

கேள்வி கேட்டவர்:
வலி இல்லை, மரப்பு மட்டும்தான். பி12 யாரும் பார்க்கவில்லை, இந்த வாரமே கேட்கிறேன். தம்பி, சமநிலைப் பயிற்சி ஏதாவது செய்கிறீர்களா?

பதில்:
செய்கிறேன் அக்கா. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. தனியாக இருக்கும்போது வேண்டாம்.