அருவங்காடு வெடிமருந்து ஆலையில் தாத்தா செய்த வேலை

கேள்வி:
இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942-இல் என் தாத்தா நீலகிரியில் உள்ள அருவங்காடு கார்டைட் (பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்து) ஆலையில் சேர்ந்தார். என்ன வேலை என்று கேட்டால் "பஞ்சு அலசினேன்" என்பதோடு சரி. பீரங்கிக்கும் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை. நானாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் 1:
நெருங்கிய சம்பந்தம் உண்டு. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்தால் வெடிபஞ்சு. அதை நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் திரவத்தோடு பிசைந்து அச்சில் அழுத்தினால் சேமியா போல வரும் இழைதான் கார்டைட். வெடிபஞ்சில் அமிலம் மிஞ்சினால், கிடங்கில் தானாகவே தீப்பற்றக்கூடும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கொதிநீரில் அலசுவார்கள். அது சாதாரண வேலையே அல்ல ஐயா!

பதில் 2:
என் பெரியப்பாவும் அங்கேதான். தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று சோதித்த பிறகே உள்ளே விடுவார்களாம். ஓய்வு பெற்ற பின்னும் வாசலைத் தாண்டும்போதெல்லாம் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார். தாத்தாவின் பணிப் பதிவேடு வீட்டில் இருந்தால் தேடுங்கள். எந்தப் பிரிவு என்று அதில் இருக்கும்.