காந்த மெமரி வந்தா விரல்ரேகை மிஷின் உருப்படுமா?

செக்காலை வாசி:
காரைக்குடியில ஒரு மின்னணு ஆய்வாளர் பேசினதைக் கேட்டேன். காந்த மெமரி, பயோமெட்ரிக் (விரல், கண்ணை வச்சு ஆளை அடையாளம் காண்றது) ரெண்டுலயும் வேலை செய்றவர். பதிவு பண்ணின ரேகையை ஃபிளாஷ்ல (பென்டிரைவ்ல இருக்கிற மாதிரி மெமரி) வைக்காம எம்ரேம்ல, அதாவது காந்த மெமரியில, வைங்கன்னார். கரண்ட் போனாலும் அழியாது, எழுதி எழுதித் தேயாது. நான் அவர் கட்சி. மறுக்கிறவங்க வாங்க.

ஆத்தங்குடி பட்டறை:
வந்தாச்சு. எங்க பட்டறையில கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் ஊத்தி, அது மேல சிமெண்ட் போட்டு மட்டம் தட்டுவோம். எல்லாம் வெறுங்கை. சிமெண்ட்டோட காரம் தோலை அரிச்சிரும். எங்க பெரியப்பா கட்டைவிரல் கல்லு மாதிரி வழவழன்னு இருக்கும். ரேஷன் கடையில பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுட்டு வெறும் பையோட வந்திருக்கார். மெமரியை மாத்தினா ரேகை முளைக்குமா?

செக்காலை வாசி:
அண்ணே, ரேகையைப் படிக்கிறது சென்சார். அது வேற துறை.

தேவகோட்டை எலெக்ட்ரானிக்ஸ்:
அதைத்தானே அவரும் கேக்குறார்! ரேஷன் கடையில வைக்கிற விரலை ஒப்பிடுறது ஆதாரோட மத்தியத் தரவுத்தளம். கடை மிஷினுக்குள்ள எந்த மெமரி இருந்தா என்ன? ரேகையை உள்ளேயே வச்சுக்கிறது ஆபீஸ் வருகைப்பதிவு மிஷினும் நம்ம போனும்தான். அங்கேயும் ஒரு ஆளோட ரேகையை எத்தனை தடவை எழுதப்போறோம்? சேர்க்கும்போது ஒரு தடவை. ஃபிளாஷ் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். தேய்மானம்கிற வாதம் இங்க எடுபடாது.

செக்காலை வாசி:
தேய்மானத்தை விடுங்க, பாதுகாப்பைப் பாருங்க. எம்ரேம்ல தகவலோட ஒரு துணுக்கை வைக்கிற குட்டி அறைதான் செல்; அதுல ரெண்டு காந்தப் படலம், நடுவுல ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெக்னீசியம் ஆக்சைடு. ரெண்டும் ஒரே திசையில காந்தமானா மின்தடை குறைவு, எதிரெதிரா நின்னா அதிகம். 1988-ல ஃபெர்ட்டும் க்ருன்பெர்க்கும் தனித்தனியா கண்டுபிடிச்சு 2007-ல நோபல் வாங்கின ராட்சத காந்தத்தடைக்கு (காந்தத் திசை மாறினா மின்தடை பெரிசா மாறுறது) உறவுக்காரன்தான் இது. தயாரிக்கும்போதே செல்லுக்குச் செல் தடை கொஞ்சம் மாறும். அதை வச்சே சிப்புக்குன்னு தனி அடையாளம் எடுத்து, ரேகையைப் பூட்டலாம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கொண்டுவந்த ஊர்ல ஆராய்ச்சியை இப்படியா இளக்காரம் பண்றது?

தேவகோட்டை எலெக்ட்ரானிக்ஸ்:
அழகப்பரை ஏன் இழுக்குறீங்க? அந்தத் தடை சூட்டுக்கும் மாறும். சித்திரை வெயில்ல சிப் தன் அடையாளத்தையே கொஞ்சம் தப்பாப் படிக்கும். பிழைதிருத்தம் வேணும், அது கூடுதல் செலவு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், விரல் போனா? ரேகை முடியிற, பிரியிற புள்ளிகளை மட்டும் வச்சே முழு ரேகையைத் திரும்ப வரைஞ்சு காட்டியிருக்காங்க. விரலை மாத்த முடியாதுங்கிறதாலதான் 2001-லயே ஐபிஎம் ஆட்கள் ரேகையை உருமாத்திச் சேமிங்க, திருடு போனா வேற உருமாற்றம் போட்டுக்கலாம்னாங்க. அதுக்குக் காந்தம் தேவையில்லை, கணக்கு போதும்.

செக்காலை வாசி:
கணக்கு ஓடுறதும் சிப்லதானே? அதுக்கான சாவியை எங்க வைப்பீங்க, மடியிலயா? 🙂

ஆத்தங்குடி பட்டறை:
நீங்க சாவியை எங்க வேணா வைங்கப்பா. விரல் எடுபடாத எங்களுக்கு, கண்ணைப் படிக்கிற கருவிழி மிஷின் எல்லாக் கடையிலயும் ஒழுங்கா ஓடணும். அந்த ஆய்வாளர் அடுத்த தடவை வந்தா பட்டறைக்குக் கூட்டிட்டு வாங்க. புது சென்சார் எது செஞ்சாலும் முதல்ல பெரியப்பா விரல்ல வச்சுப் பாக்கட்டும். காபி நம்ம செலவு.