புதுப்பிப்பு: மண்மேடு வெட்டச் சொன்ன ஓனர்கிட்ட பேசிட்டேன்

போன தடவ கேட்டிருந்தேனே, இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு வீடு கட்டுற வேல, ஓனர் பின்பக்க மண்மேட்ட நேரா வெட்டி ரூம் எடுக்கச் சொல்றாரு, எப்டி முடியாதுனு சொல்றதுனு. சொல்லிட்டேன். அட்வான்ஸ் வாங்கின வேல, பாஸ்மாருக்கு (கொத்தனார்மாருக்கு) சனிக்கிழம சம்பளம் குடுக்கணும், அதனால வாயே வரல, ஆனா நம்ம பொடியன்மார் தானே அந்த மேட்டுக்கு கீழ நின்னு அத்திவாரம் தோண்டணும்னு நெனச்சதும் பேசிட்டேன். "ஐயா, என்பிஆர்ஓ (மண்சரிவு ஆபத்து இருக்கானு பாக்குற அரசாங்க கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) ரிப்போர்ட் வந்தாத்தான் மம்பட்டிய வைப்பேன், கருங்கல்லுல கட்டு கட்டி, தண்ணி வெளிய வர பைப் வச்சு, மேட்டுக்கு மேல மழத்தண்ணி ஓட கானும் வெட்டணும், அதுக்கு தனி காசு"னேன்.

மனுசன் கத்துனாரு, வேற ஆள பாக்குறேன்னாரு (பாக்கட்டும்னு விட்டேன்). மழைக்கு மண்ணு ஊறுனா பாரம் கூடும், பிடிமானம் கொறையும், 2014ல மீரியபெத்தைல நடந்த மண்சரிவ பாத்த நமக்கு இத வெளங்கப்படுத்தணுமா என்ன.

ரெண்டு நாள்ல அவரு சம்சாரமே கோல் எடுத்து, நீங்க சொன்ன மாதிரியே செய்ங்க தம்பின்னாங்க. இப்ப ரிப்போர்ட்டுக்கு குடுத்திருக்கு, அதுவரைக்கும் பாஸ்மார ஒரு பாத்ரூம் வேலைக்கு அனுப்பிட்டேன், லாபம் பெருசா இல்ல, சம்பளம் நிக்காது. கருங்கல் கட்டுக்கு இப்ப என்ன ரேட் போடுறீங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.