புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை வெயிலில் நீல டிரம்

ஓட்டுக் கூரையில் வழியும் மழைத் தண்ணீரைப் பிடிக்கும் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் எங்கள் ஊர் (பாலக்காடு பக்கம்) வெயிலைத் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டது, இப்போதைய நிலவரம் இதுதான்.

டிரம் உடையவில்லை. ஆனால் மாலை வெயில் படும் மேற்குப் பக்கம் வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி தூள் ஒட்டுகிறது. புற ஊதாக் கதிரின் வேலை. இப்படியே விட்டால் அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். கருப்புத் தொட்டி நீடித்து உழைப்பது அதில் கலந்த கார்பன் கரி அந்தக் கதிரைத் தடுப்பதால். நான் சாக்கைச் சுற்றி நிழல் கொடுத்திருக்கிறேன். வெளிச்சம் புகாததால் உள்ளே பாசியும் குறைவு.

குழாய் வாயில் கசிவு இருந்தது. எப்பாக்ஸி பசை பூசச் சொன்ன அண்ணனுக்கு: பூசினேன், தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து டேங்க் நிப்பிளை (தொட்டித் துளையில் குழாயை இணைக்கும் மரைத் துண்டு) முடுக்கியதும் கசிவு நின்றது.

மூடிக்குக் கீழே கொசுவலை கட்டாயம். அப்புறம், கெமிக்கல் வந்த டிரம் மலிவு, வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் சார். பிளாஸ்டிக்கில் ஊறியதைக் கழுவி எடுக்க முடியாது, அதில் பிடித்த தண்ணீரைச் செடிக்குக்கூட ஊற்றாதீர்கள்.